நூறு மணிக்கு ஒருமுறை லுமுட்

“மணி 97 ஆச்சு மாப்ள. சனிக்கிழமை வர்றியா?”

லுமுட்டிலிருந்து மாமா இப்படிக் குரல்பதிவு அனுப்பினால் அந்த வாரக் கடைசிக்கு நான் வேறு எதையும் வைத்துக்கொள்வதில்லை. அவர் சொல்வது கடிகார மணி அல்ல. அவருடைய படகின் எஞ்சின் இதுவரை ஓடிய மணிக்கணக்கு. நூறைத் தொட்டால் சர்வீஸுக்குப் போயாக வேண்டும். அதற்கு நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பது போன ஆண்டிலிருந்து எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தலைநகரிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நான், மனைவி, ஏழு வயது மகள். பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, தெலுக் இந்தான் வழியாகச் சித்தியவான். வழியெல்லாம் செம்பனை. சித்தியவானில் காடியை நிறுத்திப் பசியாறினோம். அத்தைக்கு வழக்கம்போல கம்போங் கோ மிளகாய் சாஸ் இரண்டு புட்டி வாங்கிக்கொண்டேன். ஒன்பது மணிக்கு முன்பே லுமுட்.

லுமுட் படகுத்துறையைப் பற்றி இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேராவது பங்கோர் தீவுக்குப் போக அங்கே வரிசையில் நின்றிருப்பீர்கள். கருவாட்டுக் கடைகள், சோழி மாலைகள், பலூன் மீன் பொம்மைகள், டீசல் வாடை, பெர்ரிக்கு ஓடும் குடும்பங்கள். நாங்கள் அந்தக் கூட்டத்தைக் கடந்து ஊருக்கு வெளியே திரும்பினோம். கம்போங் ஆச்சே பக்கம் ஆற்றோரமாகக் கப்பல் கட்டும் தளங்கள் இருக்கின்றன. சதுப்புநிலக் காடு, துருப்பிடித்த இரும்பு, பற்றவைக்கும் பொறி, நடுவே மீன்பிடிப் படகுகள். சுற்றுலாப் பயணிகள் யாரும் வராத லுமுட் அது. அந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில்தான் எங்கள் மெக்கானிக் அண்ணனின் பட்டறை.

மாமா எங்களுக்கு முன்பே வந்து, படகைத் தண்ணீரிலிருந்து டிரெய்லரில் ஏற்றிக் காத்திருந்தார். இருபத்தொரு அடி ஃபைபர் படகு. பின்னால் அறுபது குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் எஞ்சின். ‘எஞ்சின் சங்குட்’ என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். படகின் பின்பலகையில் மாட்டித் தொங்குவதால் அந்தப் பெயர். வாரக் கடைசிகளிலும் பள்ளி விடுமுறையிலும் தூண்டில் போடுகிறவர்களையும் குடும்பங்களையும் பங்கோரைச் சுற்றியும் பூலாவ் செம்பிலான் வரையும் கூட்டிப் போவது மாமாவின் தொழில்.

முப்பது வருடம் ஈப்போவுக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் லாரி ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு கையில் இருந்த பணத்தோடு என்னுடைய பங்கையும் சேர்த்து இந்தப் படகை இரண்டாம் கையாக வாங்கினார். நான் கணக்காய்வாளன். ஆகவே படகின் வரவுசெலவு என் பொறுப்பு. பெட்ரோல், லைசென்ஸ், காப்புறுதி, லைஃப் ஜாக்கெட், படகு கட்டும் இட வாடகை என்று எல்லாவற்றையும் ஓர் எக்செல் தாளில் போட்டு வைத்திருந்தேன். அதில் ஒரு வரி எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ‘எஞ்சின் சர்வீஸ் - 860 வெள்ளி.’

காருக்கு இதைவிடக் குறைவாகத்தானே ஆகிறது என்று தோன்றியது. அதிலும் காருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இந்த எஞ்சினுக்கோ நூறு மணிக்கு ஒருமுறை. சொந்த உல்லாசத்துக்குப் படகு வைத்திருப்பவர் ஒரு வருடத்தில் நூறு மணி ஓட்டினாலே பெரிய விஷயம். அதனால் அவருக்கு வருடத்துக்கு ஒருமுறை. மாமாவுக்குச் சனி நான்கு மணி, ஞாயிறு நான்கு மணி. மூன்று மாதத்தில் நூறு தாண்டிவிடும். கிழக்குக் கரையில், பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் பக்கம், ஆண்டின் கடைசியில் பருவமழை வந்து கடலை மூடிவிடும். படகுகளைக் கரையேற்றி எஞ்சின்களைப் பிரித்து வைத்துக்கொள்ள அங்கே அவகாசம் கிடைக்கும். எங்கள் மேற்குக் கரைக்கு ஒரு பக்கம் தீபகற்பத்தின் மலைகளும் மறுபக்கம் சுமத்ராவும் காவல் காக்கின்றன. வருடம் முழுக்கக் கடல் திறந்திருக்கும். வருமானத்துக்கு நல்லது. எஞ்சினுக்கு ஓய்வே கிடையாது.

ஆக வருடத்துக்கு நான்கு சர்வீஸ், 3,440 வெள்ளி. பட்டறை ரசீதை ஒரு நாள் பிரித்து உட்கார்ந்தேன். எண்ணெய் 120, எண்ணெய் ஃபில்டர் 45, கியர் எண்ணெய் 40, நான்கு பிளக் 80, பெட்ரோல் ஃபில்டர்கள் 65, தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லர் செட் 150, துத்தநாகக் கட்டிகள் 90, கிரீஸும் வாஷர்களும் 20. மீதி 250 கூலி. மூன்று மணி நேர வேலைக்கு 250 வெள்ளி!

“மாமா, லாரி எஞ்சினையே பிரிச்சுப் போட்டவரு நீங்க. இத நீங்களே செய்யலாமே” என்றேன்.

அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. லாரிக்காரருக்கு இன்னொருவன் தன் எஞ்சினைத் தொடுவதே பிடிக்காது. இணையத்தில் தேடி, கம்பெனிப் பாகங்களுக்குப் பதில் விலை குறைந்தவற்றை நானே வாங்கி அனுப்பினேன். எண்ணெய், ஃபில்டர், பிளக் எல்லாம் சேர்ந்து 300 வெள்ளியில் முடிந்தது. இம்பெல்லரை மாற்ற எஞ்சினின் அடிப்பகுதியையே கழற்றி இறக்க வேண்டும். அது கொஞ்சம் சிரமம் என்பதால், “தண்ணி நல்லாத்தானே வருது, அப்புறம் பாத்துக்கலாம்” என்று இருவரும் பேசி விட்டுவிட்டோம். ஒவ்வொரு முறையும் 560 வெள்ளி மிச்சம். இப்படி மூன்று முறை. தாளில் பச்சை நிறத்தில் 1,680 என்று போட்டு மாமாவுக்கு அனுப்பினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கார் எஞ்சினும் படகு எஞ்சினும் ஒன்றுதான் என்ற நினைப்புக்குக் கடல் சம்மதிப்பதில்லை. கார் நெடுஞ்சாலையில் ஒரு வேகத்தைப் பிடித்துவிட்டால் பிறகு எஞ்சினுக்கு அதிக வேலை இல்லை. சக்கரம் உருள்கிறது, இறக்கம் வருகிறது, மூச்சு விடுகிறது. படகுக்கு இறக்கமே கிடையாது. பாரம் ஏற்றிய லாரி கெந்திங் மலையில் ஏறிக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படித்தான் அது ஓடும் ஒவ்வொரு நிமிடமும். குளிர்விக்கவும் காருக்கு இருப்பது போல ரேடியேட்டர் கிடையாது. அடியில் ஒரு சின்ன ரப்பர்ச் சக்கரம் கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு பங்கு எஞ்சினின் பின்புறம் மெல்லிய நீர்க்கோடாகப் பீய்ச்சும். அந்தக் கோடு தெரிந்தால் பம்ப் வேலை செய்கிறது என்று பொருள். அந்த ரப்பர்ச் சக்கரம்தான் இம்பெல்லர். உள்ளங்கையில் அடங்கிவிடும். லுமுட் ஆற்றின் கலங்கல் நீரில் மணலும் சேறும் கலந்திருப்பதால் அதன் இதழ்கள் அரைபட்டுக்கொண்டே இருக்கும். ஓடாமல் கிடந்தாலும் வளைந்த வாக்கிலேயே இறுகி, வெடித்துப் போகும்.

போன ஆண்டு பள்ளி விடுமுறை. எல்லாரும் பூலாவ் செம்பிலானுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாமா, அத்தை, நான், மனைவி, மகள். மாலை நான்கரை இருக்கும். தூரத்தில் மஞ்சோங் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. அவை தெரிந்தால் வீடு வந்த மாதிரி என்பார் மாமா. மகள் படகின் பின்பக்கம் அத்தை மடியில் உட்கார்ந்திருந்தாள். “தாத்தா, எஞ்சின் உச்சா போகல” என்றாள்.

நாங்கள் சிரித்தோம். அந்த நீர்க்கோட்டுக்கு அவள் வைத்திருந்த பெயர் அது. மாமா திரும்பிப் பார்ப்பதற்குள் ரப்பர் கருகும் வாடை வந்துவிட்டது. எஞ்சின் குரல் கனத்தது, முனகியது, நின்றது. சாவியைத் திருப்பினால் ஒரு ‘கிளிக்’ மட்டும்.

நடுக்கடலில் எஞ்சின் நின்றவுடன் முதலில் தெரிவது அமைதி. பிறகுதான் படகு பக்கவாட்டில் திரும்பி ஆடத் தொடங்கும். சாலை என்றால் ஓரம் கட்டலாம். மாமா நங்கூரத்தை இறக்கினார். கயிறு போதவில்லை. அலை எங்களை மெல்ல மேற்கே தள்ளியது. அந்தத் திசையில் மலாக்கா நீரிணையின் கப்பல் பாதை. போனில் ஒரு கோடு இருந்தது, மறைந்தது, மீண்டும் வந்தது. 999-ஐ அழைத்து இருக்கும் இடத்தைச் சொன்னேன். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மகள் மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டு, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி அழுதாள். என் மனைவி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அந்த எக்செல் தாளைப் பற்றித் தெரியும். பெருமையாகக் காட்டியிருந்தேன்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மீன்பிடிப் படகு வந்தது. அந்தச் சீன தெக்கோங், கரைக்குத் திரும்பும் வழியில் நாங்கள் சட்டையை வீசுவதைப் பார்த்திருக்கிறார். கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போனார். இருட்டிய பிறகு துறையில் கட்டியதும் மாமா பணத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை. எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இம்பெல்லர் பிலா துக்கார்?” என்றார். எப்போது மாற்றினீர்கள் என்று. மாமா பதில் சொல்லவில்லை. நானும்தான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் படகை இந்தப் பட்டறைக்குத்தான் கொண்டு வந்தோம். அண்ணன் கடற்படையில் எஞ்சின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். லுமுட்டில் கடற்படைத் தளம் இருப்பதால் இப்படிக் கை தேர்ந்த சிலர் ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே தங்கிவிடுகிறார்கள். அடிப்பகுதியை இறக்கி இம்பெல்லரை எடுத்து மேசையில் வைத்தார். ஆறு இதழில் நான்கைக் காணோம். மூன்று துண்டுகள் மேலே தண்ணீர் போகும் பாதையை அடைத்துக்கொண்டு இருந்தன. நான்காவதைக் கண்டுபிடிக்க எஞ்சினின் தலையையே கழற்ற வேண்டியதாயிற்று. தலை வளைந்திருந்தது. பிஸ்டன் உராய்ந்து சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருந்தது.

“சூடு ஏறினா பஸ்ஸர் கத்தணுமே அண்ணே, கத்தலையா?” என்று மாமாவைக் கேட்டார். இல்லை. பஸ்ஸருக்குப் போகும் வயரில் உப்பு பூத்து எப்போதோ அறுந்திருந்தது. அதைச் சோதிப்பதும் சர்வீஸில் ஒரு வேலை. ஆனால் ரசீதில் அதற்கென்று ஒரு வரி கிடையாது. ஒரு வயரை இழுத்துப் பார்ப்பதற்கு யாரும் பில் போடுவதில்லை. நான் ரசீதைப் பார்த்துத்தான் வேலையை எடை போட்டிருந்தேன்.

பழுது பார்க்க 7,350 வெள்ளி. பாகங்கள் வந்து சேர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் முன்பதிவு செய்திருந்த ஒன்பது பயணங்கள் ரத்து. ஒன்றுக்கு 500 வீதம் 4,500 வெள்ளி. எல்லாம் சேர்த்து 11,850. பச்சையில் போட்டிருந்த 1,680-க்குப் பக்கத்திலேயே சிவப்பில் எழுதினேன். மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நான்தான லாரிக்காரன் புத்தியில இருந்துட்டேன்” என்று தன் மேல் போட்டுக்கொண்டார். அதுதான் அதிகமாக உறைத்தது. இம்பெல்லரை விட்டுவிடலாம் என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது.

அதற்குப் பிறகு இது மூன்றாவது சர்வீஸ். மூன்று மணி நேரத்தில் 250 வெள்ளிக்கு என்னதான் செய்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

அண்ணன் முதலில் ஸ்பானரைத் தொடுவதே இல்லை. காதில் மாட்டும் ஹெட்போன் போன்ற ஒன்றைத் தண்ணீர்க் குழாயோடு இணைத்து, எஞ்சினின் உறிஞ்சும் துளைகளில் கவ்வ வைத்து, ஸ்டார்ட் செய்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஐந்து நிமிடம் வெறுமனே கேட்கிறார். பிறகு நீர்க்கோட்டில் கையை வைத்துச் சூடு பார்க்கிறார். கணினியை இணைத்து, எஞ்சின் எந்த வேகத்தில் எத்தனை மணி ஓடியது என்பதை எடுக்கிறார். மாமா போன மாதம் முழு வேகத்தில் எவ்வளவு நேரம் விரட்டினார் என்பது அதில் தெரிந்துவிடும். “அண்ணே, யார துரத்துனீங்க?” என்று அவர் கேட்க, மாமா வேறு பக்கம் பார்த்தார்.

எஞ்சினை அணைத்ததும் கியர் எண்ணெயை வடித்தார். இதற்கு அவர் தரும் மரியாதை எனக்கு வேடிக்கையாக இருக்கும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடிக்கிறார், விரலிடுக்கில் தேய்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார். தே தாரேக் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். இந்த முறை நிறம் சரியாக இருந்தது. ஆனாலும் புரொப்பெல்லரைக் கழற்றினார். தண்டின் அடியில் நைலான் தூண்டில் நூல் மோதிரம் மோதிரமாகச் சுற்றிக் கிடந்தது. மாமாவின் வாடிக்கையாளர்கள் அறுத்துவிடும் நூல்தான். அது சுற்றச் சுற்றச் சூடேறி, தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீலை அறுக்கும். சீல் போனால் உப்புத் தண்ணீர் கியருக்குள் நுழையும். சீல் சில பத்து வெள்ளி. கியர் செட் சில ஆயிரம். நூலை ஊசியால் எடுத்து என் கையில் கொடுத்தார். ரசீதில் இதற்கும் வரி இல்லை.

துத்தநாகக் கட்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகங்கள் சேர்ந்து மூழ்கியிருந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும். இரண்டில் ஒன்று கரையத் தொடங்கும். எஞ்சினின் அலுமினிய உடம்பு கரையாமலிருக்க, அதைவிட எளிதில் கரையும் துத்தநாகத்தைப் பக்கத்தில் பொருத்துகிறார்கள். கடல் அதைத் தின்னட்டும் என்று விட்டுவிடுவது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். மாமா தீபாவளிக்குப் படகுக்குப் பெயின்ட் அடித்தபோது, அழகாக இருக்கட்டும் என்று அதற்கும் சேர்த்து அடித்திருந்தார். பெயின்ட் மூடினால் அது செத்த கட்டி. அண்ணன் முதன்முதலில் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அலுமினியத்தில் அரிப்பு விழுந்திருந்த இடங்களைக் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை.

அடிப்பகுதியை இறக்கும் போல்ட்டுகளுக்கு ஒவ்வொரு முறையும் கிரீஸ் பூசுகிறார். ஒரு முறை விட்டால் உப்பு இறுகிவிடும். அடுத்த முறை கழற்றும்போது தலை முறியும். முறிந்த போல்ட்டைத் துளைபோட்டு எடுக்க அரை நாள் ஆகும். இந்தப் பட்டறையிலேயே அப்படி இரண்டு எஞ்சின்கள் மூலையில் கிடந்தன. யாரோ மிச்சம் பிடித்தவர்களுடையவை.

“எல்லாத்துக்கும் எங்கிட்ட வரணும்னு இல்ல” என்று அவரே சொன்னார். “கரைக்கு வந்ததும் பத்து நிமிஷம் நல்ல தண்ணி விட்டு ஓட்டுங்க. உப்பு உள்ள காயக்கூடாது. அதுக்குக் காசு இல்ல. பாதிப் பேரு அதயே செய்யறதில்ல லா.”

அவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பழைய தாளை வேறு விதமாகப் போட்டுப் பார்த்தேன். 860 வெள்ளியை நூறு மணிக்குப் பிரித்தால் மணிக்கு 8 வெள்ளி 60 காசு. நான்கு மணி நேரப் பயணத்துக்கு 34 வெள்ளி 40 காசு. ஆறு பேர் ஏறினால் தலைக்கு 6 வெள்ளிகூட இல்லை. ஒரு நாசி லெமாக்கும் ஒரு தே தாரேக்கும். முதல் முறையே இப்படிப் போட்டிருந்தால் அந்த வரியை அடித்திருக்க மாட்டேன். மொத்தத் தொகையாகப் பார்த்ததால் அடித்தேன். வேறொருவரின் வரவுசெலவில் இதே பிழையைப் பார்த்திருந்தால் கட்டாயம் சுட்டிக்காட்டியிருப்பேன்.

பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது. சோதனை ஓட்டத்துக்கு மாமாவும் அண்ணனும் நானும் கிளம்பினோம். மகள் வரவில்லை. போன ஆண்டுக்குப் பிறகு அவள் படகில் ஏறியதில்லை. பங்கோருக்குப் போகும் பெரிய பெர்ரியில்கூட ஏற மாட்டேன் என்கிறாள். அத்தையோடும் மனைவியோடும் துறையிலேயே இருந்துகொண்டாள்.

ஆற்று வாயைத் தாண்டியதும் காற்று மாறியது. இடப்பக்கம் மின்நிலையம், எதிரே பச்சை மேடாகப் பங்கோர். இந்த நீர்ப்பரப்பில்தான் 1874 ஜனவரி 20-ஆம் தேதி ‘புளூட்டோ’ என்ற நீராவிக் கப்பலில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேராக்குக்குள் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வந்த கதை. அந்த ஆட்சி பரவியதால்தான் தோட்டங்கள் பெருகின, நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறினார்கள். ஒவ்வொரு முறை இதைக் கடக்கும்போதும் மாமா, “அந்தக் கப்பலு மட்டும் அன்னிக்கு பிரேக்டவுன் ஆயிருந்தா நாம ஊர்ல மாடு மேய்ச்சிருப்போம்” என்பார். போன ஆண்டு வரை அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

சுங்கை பினாங் கெச்சிலில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம். பயணிகளில் பெரும்பாலோர் இங்கே இறங்குவதில்லை. அடுத்த நிறுத்தமான பங்கோர் பட்டணத்தில் இறங்கி, இளஞ்சிவப்பு டாக்சி பிடித்துத் தெலுக் நீப்பாவுக்குப் போய்விடுவார்கள். கெச்சில் மீனவர் ஊர். வெயிலில் நெத்திலி காயும் வாடை. கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயில். மாசி மகத்துக்கு இங்கே வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அன்று தீவில் மிதக்கும் எந்த எஞ்சினுக்கும் ஓய்வு கிடையாது.

படகு கட்டும் கொட்டகை ஒன்றில் மரப்படகு கரையேறி நின்றது. அதன் வயிற்றில் உட்கார்ந்திருந்தது ஒரு பழைய லாரி எஞ்சின். மாமா அதைக் கண்டுபிடித்துவிட்டார். இந்தக் கரையோரத்தில் பழைய லாரிகளின் டீசல் எஞ்சின்களைப் படகுக்கு மாற்றிப் பொருத்துவது வழக்கம்தான். “பாத்தியா, லாரி எஞ்சின்தான கடல்ல ஓடுது” என்று என்னைப் பார்த்தார். பல நாள் மனத்தில் இருந்த நியாயம் அது.

அண்ணன் அவரைப் படகுக்கு அடியில் குனிய வைத்துக் காட்டினார். அடிமரத்தோடு ஒட்டிக் குழாய் ஒன்று போயிருந்தது. எஞ்சினைச் சுற்றும் நல்ல தண்ணீர் அந்தக் குழாய் வழியாகக் கடலுக்குள் போய்க் குளிர்ந்து திரும்பும். கடல் தண்ணீர் எஞ்சினைத் தொடுவதே இல்லை. பக்கத்தில் ஒரு கிழவர் தினமும் போல எண்ணெய்க் குச்சியை எடுத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவரு பில் கட்டறதில்ல அண்ணே. ஆனா அவரு தினமும் பாக்குறாரு. நீங்க வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து ஓட்டிட்டுப் போறீங்க” என்றார் அண்ணன். மாமா நிமிர்ந்து, கையில் பட்ட கரியைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்ட கடையிலேயே அவருக்கும் எங்களுக்கும் இன்னொரு ஐஸ் காப்பி சொன்னார்.

இதை வாசிக்கும் எல்லாரும் படகு வாங்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் விடுமுறைக்கு வாடகைப் படகில் பிள்ளைகளை ஏற்றுவீர்கள். பங்கோரிலோ, லங்காவியிலோ, தியோமானிலோ. ஏறும் முன் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்கிறோம், நல்லது. படகோட்டி எஞ்சினைக் கிளப்பியதும் பின்பக்கம் எட்டி, அந்த நீர்க்கோடு வலுவாக வருகிறதா என்றும் பாருங்கள். எப்போது சர்வீஸ் செய்தார் என்று கேளுங்கள். ஒழுங்காகச் செய்பவர் ரசீதையே காட்டுவார். மாமா காட்டுகிறார், யாரும் கேட்காவிட்டாலும். பக்கத்துப் படகு 50 வெள்ளி குறைவாகக் கூப்பிடும்போது அந்த 50 எதிலிருந்து குறைந்தது என்று யோசிப்பதில் தப்பில்லை. நான் அந்த 50-ஐக் குறைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

திரும்பி வரும்போது மாமா நிதானமாகவே ஓட்டினார். அண்ணன் பாதி வழியில் முழு வேகத்துக்குப் போகச் சொல்லி, கணினியில் எதையோ பார்த்து, போதும் என்று கையைக் காட்டினார்.

துறையில் கட்டியதும் அண்ணனுக்கு 890 வெள்ளி கொடுத்தேன். புரொப்பெல்லர் தண்டின் சீலை முன்னெச்சரிக்கையாக மாற்றியதற்கு 30 கூடுதல். ரசீதில் மணிக்கணக்கையும் தேதியையும் எழுதி, அடுத்த சர்வீஸ் எண்ணையும் எழுதினார். நான் அதை மடித்து படகின் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறையில் வைத்தேன். அங்கே இப்போது மூன்று ரசீதுகள்.

எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. மகள் படிக்கட்டில் இரண்டு படி இறங்கி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அவளைக் கூப்பிடவில்லை. அவரே பின்பக்கம் போய், நீர்க்கோட்டுக்கு அடியில் கையை ஏந்திக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் இன்னும் ஒரு படி இறங்கினாள். அத்தை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் எட்டி, தாத்தாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டினாள்.

“சூடா இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. வெதுவெதுன்னு இருக்கு” என்றாள். கையை எடுக்கவில்லை.